பல்லி தின்ற பூனைக்குக் காமாலை வந்தால்

காது மடலின் உள்பக்கம் மஞ்சளடித்திருந்தால் பூனையின் வாயைத் திறந்து மேல்வாயைப் பாருங்கள், அங்கே இன்னும் பளிச்சென்று தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஓட்டு வீடும் மாந்தோப்புமாகத் திரிகிற பூனை என்றால், டாக்டரிடம் முதலில் சொல்லவேண்டியது அது பல்லி தின்னும் என்பதைத்தான்.

பித்தக்குழாயில் தங்கும் பிளாட்டினோசோமம் என்ற தட்டைப்புழு நத்தை, மண்பூச்சி, பல்லி என்று கைமாறிப் பூனைக்கு வருகிறது. ஏரிக்கரையில் மேயும் ஆட்டின் ஈரலில் இருப்பது வேறு புழு. ஆட்டு மருந்தை அளவு குறைத்துக் கொடுக்கிற வேலையே வேண்டாம்.

"போன மாசம்தான் பூச்சி மாத்திரை போட்டோமே" என்று நாங்களும் சொன்னோம். அது பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை. அதில் பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து பூனையின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கு, நாடாப்புழுவுக்குத்தான் காணும். இந்தப் புழுவுக்குக் கிலோவுக்கு 20, தினமும், 3 முதல் 5 நாள். 3 கிலோ பூனைக்கு நாளுக்கு 60. கூட்டு மாத்திரையையே நாலு மடங்காகக் கொடுத்தால் அதில் சேர்ந்திருக்கும் மற்ற மருந்தும் நாலு மடங்காகிவிடும். தனி பிராசிகுவாண்டலாக எழுதித் தரச் சொல்லுங்கள். கசப்பில் நுரை தள்ளும், பயப்பட வேண்டாம். விழுங்கியதும் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், மாத்திரை தொண்டையில் ஒட்டாது.

மலச் சோதனையில் 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள். இந்த முட்டை கனம், மிதக்கவிட்டுப் பார்த்தால் தப்பிவிடும்; அடியில் படியவிட்டுப் பார்க்கவேண்டும். குழாய் முழுக்க அடைத்திருந்தால் மலத்தில் முட்டையே வராது. அப்போது ஸ்கேன்தான். உள்ளூரில் இல்லையென்றால் ஓசூர்.

புழுவைவிடப் பட்டினிதான் சீக்கிரம் கொல்லும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைந்துவிடும். 100 கிராம் வெந்த கோழி நெஞ்சுக்கறியோடு 60 மில்லி தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் மையாக அடித்தால் மில்லிக்கு ஏறத்தாழ 1 கலோரி. உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. 3 கிலோ பூனைக்கு நாளுக்கு 150 மில்லி ஆகும். ஆனால் முதல் நாள் 40 மில்லிக்கு மேல் போகாதீர்கள், பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பரஸ் இறங்கிவிடும். கடைவாய் ஓரமாக, ஒரு மில்லி ஒரு மில்லியாக, விழுங்குவதைப் பார்த்து விடுங்கள்.

கீழாநெல்லிச் சாறு புழுவைக் கொல்லாது. அந்தக் கசப்பில் பூனை சோற்றையும் வெறுக்கும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

சிரிஞ்சைக் கண்டாலே எச்சில் வடித்து ஓடுகிறதா, வாய்வழி ஊட்டுவதை அன்றே நிறுத்திவிட்டு மூக்குக் குழாய் போடச் சொல்லிக் கேளுங்கள்.