முதலாண்டு வரலாற்று வகுப்பில் சான்றுகளை வாசித்தல்

கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்கு வரலாறு கற்பிப்பது, மேல்வகுப்புகளில் கற்பிப்பதைவிடக் கடினமான பணி என்பது என் நெடுநாளைய கருத்து. முதுகலைக்கு வருபவர் வரலாற்றைத் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தவர். முதலாண்டு வகுப்பிலோ ஆர்வத்தோடு வந்தவர்களும் உண்டு, வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் வந்தவர்களும் உண்டு, கட்டாயப் பாடம் என்பதற்காக மட்டும் வந்து அமர்ந்திருப்பவர்களும் உண்டு. வரலாறு ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது, அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதே தம் வேலை என்ற நம்பிக்கை மட்டும் இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. அப்படிப் படித்தே இதுவரை மதிப்பெண் பெற்று வந்திருக்கிறார்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

இந்த நம்பிக்கையை அறிவுரையால் அசைக்க முடிவதில்லை. வரலாறு என்பது சான்றுகளை வைத்துச் செய்யப்படும் விளக்கம் என்று முதல் நாளே சொன்னால், அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு தேர்வில் அப்படியே திருப்பி எழுதுவார்கள். ஒரு மூலச் சான்றைக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரம் முழுவதும் அதோடு அவர்களை மல்லுக்கட்ட விடுவதே பலன் தருகிறது.

நான் பெரும்பாலும் அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டிலிருந்து தொடங்குகிறேன். மொழிபெயர்ப்பை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்வேன். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதாகவும், 1,50,000 பேர் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டதாகவும், அதைப்போலப் பல மடங்கினர் மாண்டதாகவும், அதற்காகத் தாம் வருந்துவதாகவும் அரசர் அதில் சொல்கிறார். வாசித்து முடித்ததும் வகுப்பு ஒரே குரலில் சொல்வது பள்ளியில் படித்ததைத்தான்: போரைக் கண்டு மனம் மாறிய பேரரசர். அந்த மனமாற்றத்தை நமக்குச் சொல்பவர் யார் என்று கேட்கும்போதுதான் முதல் தயக்கம் எழுகிறது. சொல்பவர் வென்றவரே; கொல்லப்பட்டவர்களின் கணக்கும் அவருடைய கணக்கே. தோற்ற தரப்பிலிருந்து இந்தப் போரைப் பற்றி ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு, இந்தக் கல்வெட்டு எங்கெல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதை வரைபடத்தில் காட்டுவேன். கிர்னாரில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, வடமேற்கே ஷாபாஸ்கர்ஹியில் இருக்கிறது. போர் நடந்த கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அது இல்லை. அந்த இரண்டு இடங்களில், எல்லா மக்களும் என் பிள்ளைகள் என்று கூறி, யாரையும் காரணமின்றிச் சிறையிலிட்டு வதைக்கக் கூடாதென அதிகாரிகளுக்கு அறிவுறுத்தும் தனிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏன் என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருப்பேன். உறவுகளை இழந்தவர்களிடம் போய் இத்தனை பேரைக் கொன்றேன் என்று எப்படிச் சொல்வார் என்பார் ஒருவர். மீண்டும் கிளர்ச்சி வந்துவிடும் என்ற அச்சம் என்பார் இன்னொருவர். எதையும் உறுதியாக நிறுவ நம்மிடம் சான்று இல்லை என்பதை அவர்களே விவாதித்து உணர்வதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஓர் ஆண்டு, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி தாளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எழுந்து, "சார், இவர் காட்டு மக்களை மிரட்டுகிறார்" என்றார். அவர் சொன்னது சரியே. வருத்தம் தெரிவிக்கும் அதே கல்வெட்டில், தம் எல்லைக்குள் வாழும் காட்டு மக்களுக்கு, வருந்தினாலும் தண்டிக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்பதை அரசர் நினைவூட்டுகிறார். அந்த வரியை நான் சுட்டிக்காட்டவில்லை. பாடநூலிலும் அது இடம்பெற்றிருக்கவில்லை. அசோகரின் வருத்தம் பொய் என்று அந்த மாணவி முடிவுகட்டவும் இல்லை. வருந்துகின்ற ஒருவர் ஆளவும் செய்கிறார் என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். முதலாண்டு மாணவரிடம் இதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டும் இவ்வகையில் நன்கு பயன்படுகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஊர்ச்சபைப் பொறுப்புகளுக்கு ஆள் எடுத்த குடவோலை முறையைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசாத மாணவர் அரிது. அந்தப் பெருமிதத்தைக் குலைப்பது என் நோக்கமில்லை. கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கும் தகுதிகளை வரிசையாகப் படிக்கச் சொல்வேன்: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. உத்திரமேரூர் ஒரு பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊர், என்பதும் இதோடு சேர்ந்தால், அந்த ஊரில் உழுதவர், நெய்தவர், பெண்கள் ஆகியோரின் பெயர் ஓலையில் எழுதப்பட்டிருக்குமா என்ற கேள்வி தானாகவே வந்துவிடும். அதே வேளையில், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டதைப் படிக்கும்போது வகுப்பில் எழும் வியப்பும் நியாயமானதே. இரண்டையும் ஒரே விடைத்தாளில் எழுதப் பழகுவதற்குத்தான் ஒரு பருவம் முழுவதும் தேவைப்படுகிறது.

கல்வெட்டு, முடிந்துபோன ஒரு தீர்மானத்தைப் பேசும். நாட்குறிப்பு வேறு வகை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த நாட்களைப் படிக்கும் மாணவருக்கு முடிவு முன்பே தெரியும், எழுதியவருக்குத் தெரியாது. அந்த நகரம் 1749இல் திரும்ப ஒப்படைக்கப்படும் என்றோ, 1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயரிடம் வீழும் என்றோ அவர் அறியவில்லை. புதுச்சேரி வீழ்ந்த அதே மாதத்தில்தான் அவரும் இறந்தார். நடந்து முடிந்தது எல்லாம் நடந்தே தீர வேண்டியதாக இருந்தது என்ற எண்ணம் கலைவதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

சான்றுகளை வலியுறுத்துவதால் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்று நான் சொல்வதாகச் சிலர் எண்ணுகிறார்கள். ஆண்டுகள் இல்லாமல் காரணங்களைப் பற்றிப் பேசவே முடியாது. 1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றியதால் ஐரோப்பியர் கடல்வழி தேடினர் என்ற வாக்கியத்தை ஏறக்குறைய எல்லா மாணவர்களும் கொண்டுவருகிறார்கள். போர்த்துக்கீசியர் 1415இல் வட ஆப்பிரிக்கத் துறைமுகமான சியூட்டாவைப் பிடித்ததையும் 1434இல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பொஜடோர் முனையைத் தாண்டியதையும் கரும்பலகையில் அதற்கு மேலே எழுதினால் போதும். அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்க முடியாது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். வீழ்ச்சிக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அதற்கு முன்பே தொடங்கிவிட்ட ஒன்றை அது எவ்வளவு விரைவுபடுத்தியது என்று கேள்வி மாறிவிடுகிறது.

பாடத்திட்டம் இதற்கு இடம் தருவதில்லை. பல நூற்றாண்டுகளை ஒரே பருவத்தில் முடிக்க வேண்டும். தேர்வோ பத்துக் காரணங்களைக் கேட்கிறது. எனவே ஒவ்வோர் அலகிலும் ஒரு சான்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, அரச மரபுகளின் வரிசையையும் போர்களின் பட்டியலையும் வீட்டிலேயே படித்துவரச் சொல்கிறேன். அகமதிப்பீட்டில் ஒரு கட்டுரையாவது சான்றின் மீதான கேள்வியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் படிக்க வசதியும் அமைதியும் இல்லாத மாணவர்கள் இதனால் பின்தங்குகிறார்கள் என்பது சக ஆசிரியர் ஒருவரின் வாதம். அது வலுவான வாதம். அத்தகையோருக்காக வகுப்பு முடிந்தபின் கூடுதலாக அரை மணி நேரம் கால வரிசையை மட்டும் நடத்துகிறேன். அதற்கு வருபவர்களில் சிலர் சான்று வகுப்பின் தாளையும் கையோடு கொண்டுவந்து, அடுத்த வரியை விளக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.