பன்னிரண்டு மூட்டை நெல்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில வேலை குடுத்து விட்டிருக்காங்க. '1978 சூறாவளியைக் கண்ட பெரியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரவும்.' ஒருவர் எண்டுதான் இருந்தது, நான் ரெண்டு தரம் பார்த்தனான். அம்மாவைப் பிடிச்சு விறாந்தையில இருத்தி, மகளிட்டக் கொப்பியைக் குடுத்திட்டு, தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ள போனன். பிழை அங்கதான்.

திரும்பி வந்தா விறாந்தையில ஒன்பது பேர்! மட்டக்களப்பு நாவற்குடாவில எங்கட படலை திறந்து கிடந்தாப் போதும். மாமா ஆரையம்பதியில இருந்து மழைக்குள்ள சைக்கிள் மிதிச்சு வந்திருக்கிறார். ஆர் சொன்னதெண்டு இன்னும் பிடிபடேல்ல. தயிர் விக்க வந்தவரும் சட்டியை இறக்கி வச்சிட்டுக் குந்திட்டார். அவர் பிறந்ததே 85இல. வாப்பா சொன்ன கதை இருக்காம்.

"எழுது மகள். நவம்பர் 23, வியாழக்கிழமை" எண்டு மாமா தொடங்கினார். காத்துக்குக் கதவு நிக்கேல்லையாம். அம்மியைத் தூக்கி முட்டுக் குடுத்து, அதுக்குப் பின்னால பன்னிரண்டு மூட்டை நெல்லைத் தனிய அடுக்கினவராம். நான் சின்னப் பிள்ளையில கேக்கக்குள்ள நாலு மூட்டை. சுனாமிக்குப் பிறகு ஏழாச்சுது. வயலை வித்து இருபது வருசம், விளைச்சல் மட்டும் குறையேல்ல.

"காத்து வடக்காலதான் வந்த" எண்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா விடுவாவா? "போங்க தம்பி, தெக்கால. எங்கட கூரைத் தகரம் வடக்கால வளவிலதானே கிடந்த."

அரை மணித்தியாலம் இதே சண்டை. ரெண்டு பேரும் சரிதான். நடுவில காத்து அப்படியே நிண்டு போச்சுதாம். சூறாவளிக்குக் கண் எண்டு ஒண்டு இருக்கெண்டு அப்ப ஆருக்குத் தெரியும்? முடிஞ்சுதெண்டு சனம் அரிக்கன் லாம்போட வெளிக்கிட்டு ஆளையாள் தேடக்குள்ள, மற்றப் பக்கத்தால கிறுகி அடிச்சிருக்கு. பெரியம்மா முதல் பாதி முழுக்கக் கட்டிலுக்குக் கீழ, காதுக்குள்ள துணி. அவவுக்குத் தெற்கு மட்டும்தான் தெரியும். இதுக்கிடையில மாமி சுனாமிக்குள்ள இறங்கிட்டா. 'அது வேற கொப்பி மாமி' எண்டு இழுத்தெடுத்தம்.

அம்மா வாயே திறக்கேல்ல. திறக்க விட்டாத்தானே.

ராவு எல்லாரும் போனாப் போல கிளாஸ் கழுவிக்கொண்டு நிண்டவ, கேக்காமலே சொன்னா:

"விடிய வெளிய வந்தா, வளவில ஒரு தென்னை நிக்கேல்ல. எங்களுக்குப் பெரிய புளுகம் மகள், ஏறாமலே இளநி குடிக்கலாமெண்டு. ஐயா ஒண்டொண்டாத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாப்பத்தொண்டு. மறுகா கிறுகி வந்து இன்னொருக்கா எண்ணினார்."

"ரெண்டாந்தரம் எத்தின அம்மம்மா?"

"அதேதான் மகள்."

நானும் சின்னனில இருந்து கேக்கிறன். அண்டைக்கும் நாப்பத்தொண்டுதான்.

காலையில கொப்பியைத் திறந்து பார்த்தன். எழுத்து மூண்டு வரி. ஒரு பக்கம் நிரப்ப வேணுமே, மிச்சத்துக்கு 41 தென்னையையும் படுக்கப் போட்டுக் கீறி வச்சிருக்கிறாள். இடம் காணாமக் கடைசி ரெண்டும் அட்டையில கிடக்கு.