மார்கழிக் குஞ்சுக்குச் சூடு மட்டும் போதாது

உசிலம்பட்டிப் பக்கம் மார்கழி, தை ராத்திரிகளில் வெப்பம் 70 டிகிரி பாரன்ஹீட் வரை இறங்கும். நமக்கு ஒரு போர்வை போதும். பொரித்து ஒரு நாளான குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். அதனால் எல்லோரும் பல்பைக் கூட்டுகிறார்கள், கொட்டகையை இறுக்க மூடுகிறார்கள். குஞ்சு சாவது பெரும்பாலும் அந்த மூடலில்தான்.

200 நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு நாங்கள் இரண்டு வட்டம் போடுகிறோம். ஒன்றரை அடி உயரத் தகடு 16 அடி நீளம் எடுத்து வளைத்தால் 5 அடி விட்டம் வரும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும், அதற்காகத்தான் வட்டம். கீழே 2 அங்குலம் காய்ந்த உமி. வட்டத்துக்கு 100 வாட் குண்டு பல்பு இரண்டு, உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். எல்இடி பல்பு சூடு தராது. குஞ்சு இறங்குவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுவிட வேண்டும். உமி சூடேறியிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கட்டும்.

இனி படுதா. பலர் மேலே கட்டித் தொங்கவிட்டு, காற்றுக்குக் கீழிருந்து சுருட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் வாடைக்காற்று நேராகக் குஞ்சின் மேல் அடிக்கும். படுதாவின் அடியைச் சுவரோடு கட்டி, மேல்முனையைக் கயிற்றில் இறக்கி ஏற்றும்படி வைக்க வேண்டும். வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்குப் பக்கம் மேலே அரை அடியும், தெற்குப் பக்கம் ஒரு அடியும் ராத்திரி முழுக்கத் திறந்தே இருக்கும். சூடான, ஈரமான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியேறும். அடைத்துவிட்டால் ஈரம் உமியில் இறங்கி எச்சத்தோடு சேர்ந்து அம்மோனியா கிளம்பும். நின்றபடி மோந்தால் தெரியாது, குஞ்சு உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் எரிந்தால் தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள நனைந்த உமியை அன்றே அள்ளி மாற்றுங்கள்.

கரண்டு போனால் கரிச்சட்டிதான். வெளியே பற்றவைத்து, புகை அடங்கி நன்றாகக் கனிந்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கனிந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், நிறமில்லை, வாசமில்லை. குஞ்சு துவண்டு விழும், காவலுக்குப் படுத்திருக்கும் ஆளும் எழுந்திருக்க மாட்டார். கரி எரியும் ராத்திரியில் தெற்குப் படுதாவை இன்னும் ஒரு அடி இறக்குங்கள், உள்ளே யாரும் தூங்கவேண்டாம்.

மற்றதைக் குஞ்சே சொல்லும். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம், பல்பை உயர்த்துங்கள். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது, ஓட்டையைத் தேடி அடையுங்கள். பரவலாக மேய்ந்தால் எதையும் தொடாதீர்கள்.