டெண்டர் ஓட்டிய வருஷங்கள்

முதல் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருந்தபோது, கப்பலில் என்ன வேலை என்று மாமா கேட்டார். "டெண்டர் பாக்குறேன் மாமா" என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கவர்மெண்டு டெண்டரா, பிரைவேட்டா மாப்ளே? எவ்வளவு நிக்கும்?" சிறு பாலம், தார்ச்சாலை என்று எடுத்துச் செய்கிறவர் அவர். பெரிய கப்பலிலிருந்து பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும் படகுக்குத்தான் அந்தப் பெயர் என்று நான் சொல்லி முடித்ததும் நாற்காலி பின்னால் போய்விட்டது. "அப்போ ஆளை ஏத்தி இறக்குற வேலை. நம்ம தோணிக்காரங்க செஞ்சதுதான?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தூத்துக்குடியில் இப்போதிருக்கும் பெரிய துறைமுகம் 1974இல் வந்தது. அதற்கு முன்னால் கப்பல்கள் கரையை ஒட்டி வர ஆழம் கிடையாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை மாற்றிக்கொண்டு வரும். எங்கள் தாத்தா அப்படிப்பட்ட தோணியில் வேலை பார்த்தவர். அவர் இறக்கியது மூட்டை. நான் இறக்கியது விடுமுறைக்கு வந்த ஆட்களை. மூட்டைகள் "எனக்கு முன்னால் அது எப்படிப் போனது?" என்று கேட்காது.

உல்லாசக் கப்பல்கள் போகிற ஊர்களில் பலவற்றுக்குப் பெரிய கப்பலைக் கட்டும் அளவுக்குத் துறையே கிடையாது. சில இடத்தில் ஆழம் போதாது, சில இடத்தில் பவளப்பாறை, சில இடத்தில் ஊரே சின்னது. அங்கெல்லாம் கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் சிலவே டெண்டராக வேலை செய்யும். எங்கள் கப்பலில் அப்படி நான்கு. வலப்பக்கத்துப் படகுகளுக்கு ஒற்றைப்படை எண், இடப்பக்கத்துக்கு இரட்டைப்படை. விடிவதற்கு முன்பே டேவிட்டிலிருந்து இறக்கிவிடுவோம். டேவிட் என்பது ஆள் பெயர் இல்லை, படகைத் தாங்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கை. எங்கள் தெருவில் நான்கு டேவிட் இருப்பதால் வீட்டில் ஒவ்வொரு தடவையும் இதை விளக்க வேண்டியிருந்தது.

ஆபத்துக் காலத்தில் அந்தப் படகில் 150 பேர் ஏறலாம். டெண்டராக ஓடும்போது 100 பேரோடு நிறுத்திக்கொள்வோம். ஏற்ற 12 நிமிடம், கரைக்குப் போக 10, இறக்க 8, திரும்பி வர 10. ஒரு சுற்றுக்கு 40 நிமிடம் ஆகிறது. நான்கு படகும் தடங்கலில்லாமல் ஓடினால் மணிக்கு 600 பேர். கப்பலில் 2,000 பேர் கரைக்குப் போக நினைத்தால் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த 2,000 பேரும் காலை எட்டு மணிக்கே போக நினைப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

அதற்காகத்தான் எண் போட்ட சீட்டு, அரங்கில் காத்திருப்பு, ஒலிபெருக்கி எல்லாம். சுற்றுலாக் குழுக்கள் முதலில் போகும், ஏனென்றால் கரையில் பேருந்து காத்து நிற்கிறது. பெரிய அறைக்காரர்களும் பல முறை வந்தவர்களும் அடுத்து. மற்றவர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கேட்டால் நான் ஒன்றே ஒன்று சொல்வேன்: பத்தரை மணி வரை நிதானமாகச் சாப்பிடுங்கள். அதற்கப்புறம் பெரும்பாலும் சீட்டே கேட்க மாட்டார்கள், நேராக வந்து ஏறலாம். என் பேச்சை யாரும் கேட்டதில்லை.

படகு மெதுவாகப் போகிறது என்று பயணிகள் நினைப்பார்கள். நேரத்தைத் தின்பது படகு அல்ல. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்து, நீருக்குச் சற்று மேலே ஒரு மேடை நீளும். மேடைக்கும் படகுக்கும் நடுவே ஒரு எட்டு. அந்த ஒரு எட்டில்தான் எல்லாம் நிற்கிறது. ஒருவர் எட்டு வைப்பதற்கு முன் பையைத் தோளுக்கு மாற்றி, கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் வரும் மனைவியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு விநாடி. 100 பேர் அப்படிச் செய்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் போச்சு. அதற்குள் அடுத்த படகு வந்து, இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

எனக்கு முதல் வருஷம் அந்த மேடையில்தான் வேலை. கையைப் பிடிக்காதே, மணிக்கட்டுக்கு மேலே பிடி, அவர்களையும் உன் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல் என்றார் போசன், அதாவது தளத்து வேலையாட்களுக்குத் தலைவர். கோவாக்காரர், முப்பது வருஷம் கடலில் இருந்தவர். காரணம் அன்றைக்கே புரிந்தது. காலையில் எல்லாரும் வெயிலுக்குக் களிம்பு பூசிக்கொண்டு வருகிறார்கள். உள்ளங்கை விரால் மீன் மாதிரி வழுக்கும்.

வில்ஃப்ரான்ஷ் என்ற பிரெஞ்சு ஊரில் நான் அதைச் சரியாகத்தான் பிடித்தேன். பிழை வேறு இடத்தில் நடந்தது. நீஸுக்கும் மொனாக்கோவுக்கும் நடுவில் இருக்கும் ஊர் அது. ஆழமான குடா, கரையில் காவி, மஞ்சள் நிற வீடுகள். பெரும்பாலும் அமைதியான தண்ணீர். அன்று மதியம் பெரிய சொகுசுப் படகு ஒன்று வேகமாகக் கடந்து போனது. அது கிளப்பிய அலை எங்களிடம் வந்து சேர அரை நிமிடம் ஆகும். நான் அந்தப் படகைப் பார்த்தேன், அலையை மறந்துவிட்டேன். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் காலைத் தூக்கும்போது படகு மேலே வந்திருந்தது, ஊன்றும்போது ஒரு அடி கீழே போயிருந்தது. என் பிடி விடவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே படகின் விளிம்பு உரசி, வெள்ளைக் காலுறை சிவப்பாகிவிட்டது. அவர் கத்தவில்லை. "பரவாயில்லை மகனே" என்று என்னைத்தான் தேற்றினார். கப்பல் மருத்துவர் கட்டுப் போட்டார், அறிக்கை எழுதினார்கள், அவருக்கு அன்றைக்கு ஊர் பார்ப்பது போயிற்று.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அடுத்த துறையில் போசன் என்னை மேடை ஓரத்தில் நிறுத்தி, "இன்றைக்கு நீ யாரையும் தொடாதே, அலையை மட்டும் எண்ணு" என்றார். நான்கு மணி நேரம் எண்ணினேன். முதல் ஒரு மணி நேரம் அவமானமாக இருந்தது. அப்புறம் கண்ணுக்குப் பழகிவிட்டது. அலைகள் தனித்தனியாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. இரண்டு மூன்று பெரியது வந்து போனால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். ஆளை எடுக்க வேண்டியது அந்த இடைவெளியில், அதுவும் படகு மேலேறி ஒரு கணம் நிற்கும்போது. இறங்க ஆரம்பித்துவிட்டால் எவ்வளவு சின்ன இறக்கமானாலும் "நில்லுங்க". எங்கள் ஊர் வள்ளக்காரர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நான் சான்றிதழ் வாங்கக் காசு கட்டிப் படித்தவன்.

அதற்குப் பிறகு என் வாயில் அதிகம் வந்த சொல் "நில்லுங்க"தான். ஆங்கிலத்தில், ஸ்பானிய மொழியில், இத்தாலிய மொழியில், அரைகுறை ஜெர்மனில்.

டெண்டர் துறைகளில் பெரும் புகழ் கிரேக்கத் தீவான சாண்டோரினிக்கு. சுமார் 3,600 வருஷங்களுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்த இடம் அது. நடுவில் கிட்டத்தட்ட 400 மீட்டர் ஆழம். நங்கூரம் போட முடியாது. மிதவையில் கட்டுவார்கள், இல்லையென்றால் எந்திரத்தாலேயே கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைப்பார்கள். அங்கே எங்கள் படகுகள் இறங்காது. உள்ளூர்ப் படகுக்காரர்கள்தான் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் சிகரெட்டைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் படகை மேடையில் அணைப்பதை நாங்கள் வாயைப் பிளந்து பார்ப்போம். 2007 ஏப்ரலில் சீ டயமண்ட் என்ற கப்பல் அந்தக் குடாவுக்குள் பாறையில் மோதி மறுநாள் மூழ்கியது. பிரான்ஸிலிருந்து வந்த பயணிகள் இருவர் காணாமல் போனார்கள். மற்றவர்களைக் கரைசேர்த்ததில் உள்ளூர்ப் படகுகளுக்கும் பங்கு உண்டு. கப்பல் இன்னும் அடியில்தான் கிடக்கிறது. அந்த இடத்தைத் தாண்டும்போது படகுக்காரர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

அங்கே உண்மையான நெருக்கடி மாலையில்தான். ஃபிரா நகரம் செங்குத்துப் பாறையின் உச்சியில், 200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. காலையில் சுற்றுலாக் குழுக்களை அதினியோஸ் என்ற வேறொரு துறையில் இறக்கிப் பேருந்தில் மேலே கொண்டுபோய்விடுவார்கள். மற்றவர்கள் பழைய துறையிலிருந்து ஏறுவார்கள். திரும்பும்போது எல்லாரும் ஒரே பழைய துறைக்குத்தான் வர வேண்டும். வழி மூன்று: கம்பிவட வண்டி, கோவேறு கழுதை, 600க்குக் கொஞ்சம் குறைவான படிகள். கழுதைகள் நடப்பதும் அந்தப் படியில்தான். அதனால் மூன்றாவது வழியில் எதை மிதிக்கிறோம் என்று பார்த்து நடக்க வேண்டும். கம்பிவட வண்டியால் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரைத்தான் இறக்க முடியும் என்று ஓர் அளவு உண்டு. ஒரு நாளுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு நிறைந்த நாளில் எல்லாரும் வண்டியில்தான் இறங்குவோம் என்றால் பல மணி நேரம் ஆகும். ஆனால் கப்பலுக்குத் திரும்பும் நினைப்பு எல்லாருக்கும் நான்கரை மணிக்குத்தான் வருகிறது. கீழே எங்கள் மேடை காலியாகக் கிடக்கும். மேலே வரிசை தெருவைச் சுற்றி வளைந்திருக்கும். வந்து சேர்ந்தவர்கள் "ஏன் படகைக் கூட்டக் கூடாது?" என்று எங்களிடம் சண்டை போடுவார்கள்.

ஒரு முறை அங்கே சக்கர நாற்காலியில் ஓர் அம்மா வந்தார். கணவர் உயிரோடு இருந்தபோது இருவருமாகப் போட்ட திட்டமாம் இந்த ஊர். இரண்டு மூன்று படி எடுத்து வைப்பேன், யாராவது பிடித்தால் போதும் என்றார். அன்று அலை கொஞ்சம் அதிகம். மேடைப் பொறுப்பில் இருந்த அதிகாரி ஐந்து நிமிடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார். அவர் முடிவு சரி. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், காலுறையை மறக்கவில்லை. ஆனாலும் நாற்காலியைத் திருப்பி மின்தூக்கி வரை தள்ளிக்கொண்டு போனது நான். அந்த நடை நீளமாக இருந்தது.

சாயங்காலம் திறந்த தளத்தில் அவரைப் பார்த்தேன். உச்சியில் வெள்ளை வீடுகள் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "மேலே எப்படி இருக்கும் தம்பி? நீ நிறைய தடவை பார்த்திருப்பாயே" என்று கேட்டார். நான் அந்த ஊருக்கு அதோடு 11ஆவது முறை போயிருந்தேன். மேலே ஒரு தடவைகூட ஏறியதில்லை. டெண்டர் நாளில் மேடைக்காரர்களுக்கு ஓய்வு என்பதே உள்ளே போய் அரை மணி நேரம் படுப்பதுதான். பொய் சொல்லியிருக்கலாம். படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். "நானும் இங்கேயிருந்துதான் பார்த்திருக்கிறேன் அம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும், எது தேவாலயம் எது ஓட்டல் என்று ஊகித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் வருஷக் கடைசியில் படகு ஓட்டக் கொடுத்தார்கள். ஓட்டுவது மேடையைவிடச் சுலபம், சம்பளமும் கொஞ்சம் கூட. மாண்டினீக்ரோ நாட்டின் கோட்டோர் குடா குளம் மாதிரி இருக்கும், குழந்தைகூட ஓட்டும். கரீபியனில், கேமன் தீவுகளின் தலைநகரான ஜார்ஜ் டவுன் வேறு கதை. அங்கேயும் படகு உள்ளூர்க்காரர்களுடையதுதான். மேற்குப் பார்த்த ஊர் என்பதால் வழக்கமான கிழக்குக் காற்றுக்கு நல்ல மறைவு. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து காற்று திரும்பினால் துறை கொதிக்கும். எங்கள் பக்கத்தில் வாடை, கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பேசுவார்களே, அது இரண்டும் கூட்டு சேர்ந்து வந்த மாதிரி. அப்போது தென்கரையில் ஸ்பாட்ஸ் என்ற இடத்துக்குப் போவார்கள், அதுவும் ஆகாது என்றால் ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும். "இவ்வளவு பணக்கார ஊர், ஒரு துறை கட்டினால் என்ன?" என்று பயணிகள் கேட்காத நாள் இல்லை. 2025 ஏப்ரலில் அந்த ஊர் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். துறை கட்டினால் எங்களுக்குத்தான் லீவு கிடைத்திருக்கும், அது வேறு விஷயம்.

போன விடுமுறையில் அம்மாவைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விவேகானந்தர் பாறைக்குப் படகு. சீட்டு வாங்கி, வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, மிதவைச் சட்டையும் மாட்டியாயிற்று. திடீரென்று நிறுத்திவிட்டார்கள். கூட்டம் சத்தம் போட ஆரம்பித்தது. கைக்குழந்தையை வைத்திருந்த ஒருவர், "சும்மா இழுத்தடிக்கிறாங்க தம்பி, கடல் நல்லாத்தான இருக்கு?" என்றார். தூரத்தில் கடல் நன்றாகத்தான் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். படிக்கட்டின் ஓரத்தில் படகின் விளிம்பு ஒரு முழம் ஏறி, ஒரு முழம் இறங்கிக்கொண்டிருந்தது. படியில் நின்ற பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. படகைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்ணே" என்றேன்.

அம்மா பையிலிருந்து அவித்த கடலையை எடுத்தார். இரண்டு பேரும் தின்றுகொண்டே நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பையன் கையை நீட்டினான். அம்மா விரலைக் கொடுக்கப் போனார். "மணிக்கட்டப் பிடிங்கம்மா" என்றான் அவன்.