ஓர் அடி உள்ளே

விளையாட்டு விழாவில் பொன்னாடை போர்த்தப் பத்துப் பெயர் வேண்டும் என்றார் எங்கள் கல்லூரி முதல்வர். பழைய வீரர்கள் ஏழு பேர், பயிற்சி கொடுத்தவர்கள் மூன்று பேர். "பத்துக்கு மேல் போனால் சாப்பாடு ஆறிவிடும் சார்" என்று சிரித்துக்கொண்டே கோப்பை மூடினார். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

எங்களுடையது காவிரிப் படுகையில் இருக்கும் சிறிய கல்லூரி. அரசு உதவி பெறுவது. உடற்கல்வித் துறை என்றால் நானும் மார்க்கரும்தான். சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, அடிபட்ட பையனைச் சைக்கிளில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது எல்லாம் செய்கிறவருக்குக் கல்லூரிகளில் அதுதான் பதவிப் பெயர். கோடு போடுகிறவர் என்பதால் மார்க்கர். மாணவர்கள் அவரை மார்க்கர் அண்ணன் என்பார்கள்.

இருவரும் சேர்ந்து சாமான் அறையைத் திறந்தோம். கைப்பிடி கழன்ற சுழற்கோப்பைகள், கரையான் அரித்த கேடயங்கள், நரம்பு அறுந்த பூப்பந்து மட்டைகள். பூப்பந்து தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் என்பார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து கொஞ்சம் காற்றடித்தாலே திசை மாறிவிடும் என்பதால், ஒரு காலத்தில் எங்கள் ஊரில் காலை வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஆட்டங்களை முடித்துவிடுவார்களாம். அந்த அணிகளின் குழுப் படங்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. படத்துக்குக் கீழே ஒட்டிய தாளில், "நிற்பவர்கள், இடமிருந்து வலமாக" என்று தட்டச்சு செய்த பெயர்கள். ஆனால் நம் ஊரில் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், தலைப்பெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு அந்த ஓர் எழுத்தும் பெரும்பாலும் மாறிவிடுகிறது. நீளம் தாண்டுதலில் மண்டல அளவில் வென்ற ஒரு மாணவியைத் தேடி ஆறு வாரம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால், எங்கள் கல்லூரி அலுவலகத்துக்குத் தன் பேத்தியின் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

முதல்வர் அறைக்கு வெளியே ஒரு சாதனைப் பலகை மாட்டியிருக்கிறது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து: போட்டி, பெயர், அளவு, ஆண்டு. பயிற்சியாளர் பெயருக்கு அதில் கட்டம் கிடையாது. எங்கள் கல்லூரியை மட்டும் குறை சொல்ல முடியாது. நாட்டிலேயே வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961-இல் வந்துவிட்டது, பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது வர 1985 ஆயிற்று. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் அந்த முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றார். பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது 2021-இல். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

பலகையை அப்படியே படி எடுத்துப் புதிதாக எழுதினால் போதும் என்றுதான் தொடங்கினேன். ஒவ்வொரு வரியாகப் பார்க்கப் பார்க்க, எதையும் அப்படியே எழுத முடியாது என்று தெரிந்தது. ஆண்கள் ஈட்டி எறிதலில் எண்பதுகளின் தொடக்கத்தில் செய்த சாதனை இன்றுவரை நிற்கிறது. இன்றைய பையன்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் அந்த ஈட்டி வேறு, இந்த ஈட்டி வேறு. 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இப்படியே போனால் ஈட்டி ஓட்டப் பாதையைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் விழும் என்ற பயம் ஒருபுறம். தட்டையாக விழும் ஈட்டியின் முனை தரையைத் தொட்டதா இல்லையா என்ற தகராறு மறுபுறம். 1986-இல் அதன் எடை மையத்தை நான்கு சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து ஈட்டி சீக்கிரமே மூக்கைக் கவிழ்த்துக் கீழே இறங்குகிறது. 2025-இல் நீரஜ் சோப்ரா தோஹாவில் 90.23 எறிந்தபோது நாடே கொண்டாடியது நினைவிருக்கும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் யாருக்கோ அநியாயம் செய்கிறோம். பழைய ஈட்டி, புதிய ஈட்டி என்று இரண்டு வரியாகப் பிரித்தேன்.

பெண்கள் பக்கம் பாதி காலியாக இருந்தது. மும்முறைத் தாண்டலில் தொண்ணூறுகளின் பிற்பகுதிக்கு முன் ஒரு பெயரும் இல்லை. அதற்கு முன் தாண்டத் தெரிந்த பெண்களே இல்லையா? போட்டியே வைக்கவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தப் போட்டி வந்ததே 1996-இல்தான். 800 மீட்டரின் கதை இன்னும் மோசம். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒருமுறை பெண்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள், மூச்சு வாங்குகிறது என்று நிறுத்தினார்கள். பிறகு 1960 வரை இல்லை. மூச்சு ஆண்களுக்கும்தான் வாங்குகிறது. காலியான கட்டங்களில் கோடு இழுக்காமல் "போட்டி நடத்தப்படவில்லை" என்று எழுதச் சொன்னேன். பலகை எழுதுகிறவர் எழுத்துக் கணக்குப் பார்த்துக் கூலி கேட்பவர். அவருக்கு மகிழ்ச்சி.

நான்கு மாதத்தில் இரண்டரை மாதத்தைத் தின்றது ஆண்கள் 800 மீட்டர்தான்.

சாதனை 1 நிமிடம் 56.9 விநாடி. எண்பதுகளில் எங்கள் மைதானத்திலேயே ஓடியது. ஓடியவர் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து, பொன்மலைப் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர். பத்துப் பேர் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். இந்த ஆண்டு எங்கள் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் மாவட்டத் தலைநகரின் செயற்கை இழைப் பாதையில் 1 நிமிடம் 57.2 ஓடினான். திரும்பி வந்தவன் மைதானத்தின் ஓரத்தில் நடப்பட்ட கருங்கல்லின் மேல் உட்கார்ந்து ஸ்பைக் ஷூவைக் கழற்றியபடியே கேட்டான்: "சார், நம் மைதானம் சரியாக நானூறு மீட்டர் இருக்கிறதா?"

பத்தொன்பது வயதில் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் பதில் எனக்குத் தெரியவில்லை. பதினொரு ஆண்டுகளாக அந்தத் தடத்தில் பையன்களை ஓட வைக்கிறேன், ஒரு நாளும் அளந்ததில்லை.

மறுநாள் விடியற்காலையில் இரும்பு நாடாவை எடுத்துக்கொண்டு நானும் மார்க்கரும் இறங்கினோம். வளைவை நாடா வைத்துச் சுற்றிவந்து அளக்க முடியாது, மையத்திலிருந்து ஆரம் பிடிக்க வேண்டும். இரண்டு மையங்களிலும் அந்தக் காலத்தில் புதைத்த இரும்புக் குழாய்கள் புல்லுக்கடியில் இன்னும் இருந்தன. நேர்ப்பகுதி 80 மீட்டர், சரி. அப்படியானால் உள்விளிம்புக் கல்லுக்கு ஆரம் 37.90 வர வேண்டும். ஓடுகிறவன் கல்லை உரசிக்கொண்டு ஓடமாட்டான் என்பதால் அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் தூரம் கணக்கிடுவார்கள். 38.20 ஆரத்தில் இரண்டு அரைவட்டமும் இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்தால் நானூறு. எங்கள் நாடா 37.60 காட்டியது. இன்னொரு கல்லுக்குப் பிடித்தோம், அதே 37.60. மார்க்கர் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

ஓர் அடி குறைவு. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 1.9 மீட்டர் குறைகிறது. இரண்டு சுற்றுக்கு 3.8. அந்த வேகத்தில் ஓடுகிறவனுக்கு அது அரை விநாடிக்கும் கொஞ்சம் மேல். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உஷாவின் வெண்கலம் நூறில் ஒரு விநாடியில் போனது. இங்கே அரை விநாடி. பழைய 56.9-உடன் அரையைக் கூட்டினால் 57.4. என் மாணவன்தான் சாதனையாளன்.

அன்றிரவு பட்டியல் வரைவில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் "குறைந்த தூரத் தடம்" என்று எழுதினேன். எழுதும்போது நேர்மையான காரியம் செய்வதாகவே தோன்றியது. கொஞ்சம் மிதப்பும் இருந்தது, மறைப்பானேன்.

தடம் போட்டவர் எங்கள் கல்லூரியின் முதல் உடற்கல்வி இயக்குநர். பயிற்சியாளர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. எண்பது வயதைத் தாண்டிவிட்டது, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அழைப்பிதழ் கொடுக்கிற சாக்கில் நேரில் போனேன். நட்சத்திரக் குறியை மேடையில் பார்த்து அவர் திடுக்கிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

திண்ணையில் உட்கார வைத்தார். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த கதையைச் சொன்னார். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு பயிற்சியாளராகப் போனவரும் அவரே. "பந்து பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்" என்றார் பெரியவர். காபி வந்தது. குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"முப்பத்தேழு அறுபதுதானே?"

"ஆமாம் சார்."

"அப்படித்தான் இருக்கும். முதலில் சரியாகத்தான் போட்டேன் தம்பி. ஆறாவது தடம் வாய்க்கால் கரையில் ஏறிவிட்டது. பையன் ஒருவன் தண்ணீரிலேயே விழுந்தான். ஆரத்தில் ஓர் அடி உள்ளே தள்ளினால் அகலத்தில் இரண்டு அடி கிடைக்கும். தள்ளினேன்."

"நேர்ப்பகுதியை நீட்டியிருக்கலாமே சார்?"

"கிழக்கே தென்னந்தோப்பு. தோப்புக்காரர் ஒரு சாண் விடமாட்டேன் என்றுவிட்டார்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அதனால்தானே புறப்பாட்டுக் கல்லைப் பின்னால் நட்டேன்?"

எனக்குப் புரியவில்லை.

"முடிவுக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கருங்கல் இருக்குமே. இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா? எண்ணூறு ஓட்டம் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். இரண்டு சுற்றில் குறைவது மூன்று மீட்டர் எண்பத்து மூன்று. அதை முன்னாலேயே ஓட வைத்துவிடுவேன். ஆயிரத்தைந்நூறுக்கு எதிர்ப்புறம் இன்னொரு கல் நட்டிருந்தேன், வாய்க்கால் தூர் வாரியபோது போயிருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன்."

அந்த நோட்டை நான் பார்த்ததில்லை. எனக்கு முன் இருந்தவரும் பார்த்திருக்க மாட்டார். சாமான் அறையில் கரையான் தின்றவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். கல்லைத் தெரியும். பதினொரு ஆண்டுகளாகத் தெரியும். மார்க்கர் அதில்தான் அரிவாள் தீட்டுவார். பையன்கள் அதில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுவார்கள். என் மாணவன் அந்தக் கேள்வியைக் கேட்டது அதன் மேல் உட்கார்ந்துதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனேன். இருட்டிவிட்டது. கைப்பேசி விளக்கில் கல்லின் தலையைத் துடைத்துப் பார்த்தால், அரிவாள் தேய்ந்த பள்ளத்துக்குக் கீழே, முடிவுக் கோட்டைப் பார்த்த முகத்தில், உளியால் கொத்திய "8" இருந்தது.

நட்சத்திரத்தை அடித்தேன். அடித்துவிட்டு வெகுநேரம் அந்த வரைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கிராமத்தில் இல்லாமல் போயிருந்தால், அல்லது நான் அழைப்பிதழைத் தபாலில் அனுப்பியிருந்தால், ஒரு மனிதரின் ஓட்டத்தையும் இன்னொரு மனிதரின் கணக்கையும் ஒரே நேரத்தில் பொய்யாக்கி, அதைக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மாட்டியிருப்பேன். அதற்குப் பொன்னாடையும் போர்த்தியிருப்பேன்.

மாணவனிடம் உள்ளதைச் சொன்னேன். "அப்படியானால் இன்னும் நான்கு பத்தில் குறைக்க வேண்டும்" என்றான். அவ்வளவுதான்.

புதிய பலகையில் இரண்டு கட்டங்கள் கூடின. ஒன்று பயிற்சியாளர் பெயருக்கு, மற்றது "தடமும் கருவியும்" என்ற தலைப்பில். முதல்வருக்கு அது பிடிக்கவில்லை, பலகை ரேஷன் அட்டைபோல் இருக்கிறது என்றார். உண்மைதான், அழகாக இல்லை. ஆனாலும் விட்டுவிட்டார்.

விழா நாளில் வழக்கம்போல் வரவேற்புரை நீண்டது. பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்மலைக்காரர் மேடையிலேயே அவர் காலில் விழுந்தார். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். நன்றியுரை நடக்கும்போது என் முழங்கையைத் தொட்டு, "நாடா இருக்கிறதா?" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார். பின்னால் நாங்கள் மூவர். முடிவுக் கோட்டில் நாடாவின் நுனியை மார்க்கர் பிடித்தார். பெரியவர் கல்லருகே குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, நாடாவை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். பிறகு கல்லின் தோளைக் கையால் அசைத்துப் பார்த்தார்.

"நான்கு விரற்கடை முன்னால் சாய்ந்திருக்கிறது."

"மூன்று வருடத்துக்கு முன் டிராக்டர் இடித்தது ஐயா" என்றார் மார்க்கர்.

"அதற்கென்ன, கடப்பாரை கொண்டு வா."

பந்தலிலிருந்து சாப்பிட வரச்சொல்லி ஒலிபெருக்கி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பொன்மலைக்காரர் பொன்னாடையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கல்லைப் பிடிக்கப் போய்க் குனிந்தார்.