ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பிக்கைக் கணக்கு

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று மொத்தமாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது, குறிப்பிட்ட ஒரு வரியைக் காட்டிக் கேட்டால் ஏதாவது சொல்லலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் லூக்கா டி அல்ஃபாரோவும் தாமஸ் ஆட்லரும் உருவாக்கிய விக்கிடிரஸ்ட் என்ற மென்பொருள் விக்கிப்பீடியாவின் நம்பகத்தன்மையை இப்படி வரி வரியாகத்தான் அளந்தது. நீங்கள் எழுதியதை அடுத்தடுத்து வருகிறவர்கள் விட்டுவைத்தால் உங்கள் மதிப்பு ஏறும், உடனே அழித்தால் இறங்கும், அப்புறம் மதிப்பு குறைந்தவர் புதிதாகச் சேர்த்த சொற்களுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறம் தெரியும், மதிப்புள்ள பலர் வந்து திருத்திய பிறகும் அந்தச் சொற்கள் தப்பித்தால் நிறம் மெல்ல வெளுத்துவிடும். யாரிடமும் நட்சத்திர மதிப்பீடு கேட்காமல் திருத்த வரலாற்றிலிருந்தே கணக்கை எடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, பொய்யும் நிலைக்குமே? 2005இல் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரை அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையோடு முடிச்சுப் போட்ட பொய் அவரைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தில் சுமார் 4 மாதம் அப்படியே கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில் எதுவும் நிற்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது திருத்த வரலாற்றுப் பக்கத்தில் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள் என்பதை, அடுத்து சான்று இணைப்பைத் திறந்து அந்தச் செய்தி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்பதை.