மண்வெட்டி பிடித்த சாமுராய்

வேகபாண்ட் என்ற ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரைப் படிக்கிற நண்பர்களிடம் எதுவரைக்கும் வந்திருக்கிறாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. எழுபது பேர் சண்டை முடிந்தது, அப்புறம் இழுக்கிற மாதிரி இருந்தது, அப்படியே வைத்துவிட்டேன். கெடா வெட்டுக்குப் போய்விட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புகிற கதைதான் இது. இந்தத் தொடரின் உச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்லாம் டங்க் வரைந்த தகேஹிகோ இனோவே 1998-ல் மார்னிங் வார இதழில் தொடங்கியது இது. 1935 முதல் 1939 வரை ஒரு நாளிதழில் தொடராக வந்த எய்ஜி யோஷிகாவாவின் 'முசாஷி' நாவல்தான் அடிப்படை. மியாமோட்டோ முசாஷி நிஜமாகவே வாழ்ந்த வாள்வீரர், 1645-ல் இறந்தவர். லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு வலமிருந்து இடமாகப் பக்கம் புரட்டுவது முதல் நாள் கொஞ்சம் கடுப்படிக்கும். ரெண்டாவது தொகுதிக்குள் கை பழகிவிடும்.

முதல் தொகுதி 1600-ல் நடந்த செகிகஹாரா போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது. தோற்ற பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் பிணங்களுக்கு நடுவே சேற்றில் கிடக்கிறார்கள். அதில் ஒருவன் தகேசோ, பின்னால் முசாஷி ஆகப்போகிறவன், கிட்டத்தட்ட ஒரு மிருகம். இன்னொருவன் மத்தஹாச்சி, பயந்தாங்கொள்ளி, வாய் திறந்தால் பொய். எனக்கு என்னவோ மத்தஹாச்சியைத்தான் அதிகம் பிடித்தது, அவனை மாதிரி ஆட்களை நாம் தினமும் பார்க்கிறோம் இல்லையா.

அப்புறம் முசாஷி நாரா ஊர் ஹோசோயின் மடத்துக்கு ஈட்டிச் சண்டைக்காரர்களைத் தேடிப் போகிறான். வழியில் ஒரு கிழவர் குனிந்து மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறார். அவரைக் கடக்கிற நொடியில் முசாஷிக்கு உடம்பெல்லாம் கூசி, வெட்டு விழப்போகிறது என்று எகிறிக் குதிக்கிறான். கிழவர் ஒன்றுமே செய்யவில்லை. அவன் உணர்ந்தது அவனுடைய கொலைவெறியைத்தான். முதல் தடவை இதைச் சும்மா ஒரு நல்ல காட்சி என்று கடந்து போய்விடுவோம். மண்வெட்டி அங்கேயே வந்துவிட்டது என்பது முப்பது தொகுதி தாண்டித்தான் உறைக்கும். மொத்தமாக இரண்டு நாளில் விழுங்கினால் இது தட்டுப்படாது, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுப் படிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்குத்தான்.

14-ம் தொகுதியில் பலர் திணறுவது நியாயம்தான், திடீரென்று நாயகனையே காணோம், முசாஷிக்குப் போட்டியான வாள்வீரன் கோஜிரோவின் கதை தொடங்கி 20 வரைக்கும் போகிறது. இனோவே அவனைக் காது கேளாதவனாக ஆக்கிவிட்டார். கடலோரத்துக் குடிசையில் தனியாக வாழும் கிழட்டு வாள் ஆசான் ஒருவரிடம், நீண்ட வாளோடு படகில் வந்து சேர்கிற குழந்தை அவன். பேச்சே இல்லாத பக்கங்கள் நிறைய, கண்ணும் கையும் மட்டும் பேசும்.

சரி, அந்த எழுபது பேருக்கு வருவோம். கியோட்டோவின் யோஷியோகா வாள் பள்ளியையே ஒற்றை ஆளாக வெட்டி முடிக்கிறான். இரண்டு தொகுதி நிறைய ரத்தமும் மூச்சிரைப்பும்தான். முடிவில் என்ன கிடைக்கிறது? காலில் ஒரு காயம், இனி பழையபடி நடக்க முடியுமா என்ற சந்தேகம். ஜெயித்த களிப்பு ஒரு பக்கத்தில்கூட இல்லை.

அதன் பிறகு அலைந்து திரிந்து, பஞ்சத்தில் கிடக்கிற ஒரு கிராமத்துக்கு வருகிறான். தகப்பனை இழந்த இயோரி என்ற சிறுவன் அங்கே இருக்கிறான். ஒன்றுக்கும் உதவாத கரம்பை வெட்டித் திருத்தி நெல் போட்டே தீருவேன் என்று முசாஷி இறங்குகிறான். ஊரே பைத்தியம் என்கிறது. தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போகிறது. மறுபடியும் வெட்டுகிறான்.

இந்தத் தொகுதி ஒன்றைக் கோபி பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளையில் கயிற்றுக் கட்டிலில் போட்டு வைத்திருந்தேன். அப்பாரு எடுத்து நம் வழக்கப்படி இந்தப் பக்கமிருந்து திறந்தார், நேராகக் கதையின் கடைசிக்கே போய்விட்டார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படத்தையே பார்த்தார்.

"ஏஞ்சாமி, யாரிவன், மண்ணுகூடச் சண்டைக்கு நிக்கறான்? இப்புடி ஓங்கி ஓங்கிப் போட்டா மத்தியானத்துக்குள்ள முதுகு போயிருமே."

"பெரிய வாள்வீரருங்க அப்பாரு. எழுவது பேர ஒத்தையா வெட்டுனவருங்க."

"அதான பாத்தேன். அவனுக்குத் தண்ணி கட்டப் பொறுமை இருக்காது."

கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் ஆயுசு முழுக்க நெல் வெள்ளாமை செய்த மனுசன். கதையில் விதைநெல்லின் அருமை தெரிந்த ஷூசாக்கு என்ற கிழவர் முசாஷியைப் பார்த்து முகம் சுளிப்பதும் இதே காரணத்துக்குத்தான். வாளை வைத்து எதிராளியைப் பணிய வைக்கலாம், மண்ணை அப்படி மிரட்ட முடியாது. கால் அடிபட்டு, பசியில் ஒட்டிப்போய், இனோவேயின் தூரிகைக் கோடுகளில் அவன் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு எந்தச் சண்டையிலும் வராத பதற்றம் வந்தது. அறுப்புக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் யாரும் பேசாமல் இருப்பார்களே, அந்தப் பதற்றத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பகுதி சலிக்க வாய்ப்பே இல்லை.

ஒரு குறை உண்டு, அதை மறைக்க முடியாது. தொடர் 2015-லிருந்து நின்று கிடக்கிறது. 1612-ல் தீவில் கோஜிரோவோடு நடந்த மோதல்தான் முசாஷி வாழ்க்கையின் பெயர்பெற்ற சண்டை, கதை அதுவரை வரவே இல்லை. கலைஞனின் மௌனம் அது இது என்று பூசி மெழுகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, இத்தனை வருசம் கூடவே வந்தவனுக்கு ஒரு முடிவு தரத்தானே வேண்டும்.

வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்று தொகுதிகளைச் சேர்த்துக் கட்டிய குண்டுப் பதிப்பு 12 புத்தகங்களில் 36 வரைதான் வருகிறது, 37 தனியாக வாங்க வேண்டும். அதை விட்டால் வயல் பாதியில் நின்றுவிடும்.